யார் யாரை அண்டிப் பிழைக்கிறார்கள்?



போன மாதம் வீட்டில் நடந்தது. அம்மாவுக்குக் கண்புரை. அறுவை சிகிச்சைக்கு ஆன செலவை வங்கியிலிருந்து திரும்ப வாங்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கட்டம்: ‘டிபெண்டென்ட்ஸ்’. ஊழியரைச் சார்ந்திருப்போர். பெயர், உறவு, வயது, மாத வருமானம். அம்மா பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணில் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, “என்னாடா எம் பேர எழுதுற?” என்று கேட்டது. “என்ன அண்டி இருக்கறவங்க பேர எழுதச் சொல்றான்மா” என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னது: “நானாடா ஒன்ன அண்டி இருக்கேன்? நடவு நட்டு, களயெடுத்து, முந்திரிக்காட்டுல கொட்ட பொறுக்கி, ஒன்ன பி.ஏ. வரைக்கும் படிக்க வெச்சது எவ? அப்ப எந்தப் பாரத்துல எவன் எழுதுனான், இந்தப் புள்ள இவள அண்டி இருக்குதுன்னு?”

என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து அந்தச் சொல் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. இந்தத் தலையங்கத்தை அந்த முள்ளிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

பிறர் கையை எதிர்பார்த்து வாழ்வதற்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. சார்ந்திருத்தல், அண்டுதல், ஒண்டுதல், நம்பியிருத்தல், பற்றி நிற்றல், தயவில் வாழ்தல், நிழலில் இருத்தல், தஞ்சமடைதல், கையேந்துதல், ஓசிச்சோறு, தண்டச்சோறு, ஒட்டுண்ணி, புல்லுருவி என்று வரிசை நீளுகிறது. அகராதிக்காரர் இவற்றையெல்லாம் ஒரே பொருள் தரும் சொற்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவிட்டுப் போய்விடுவார். ஆனால் தெருவில் இந்தச் சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்வதில்லை. ஊர்த்தெருவில் ஒரு கூட்டம், சேரியில் ஒரு கூட்டம் என்று பிரிந்துதான் வாழ்கின்றன. மனிதர்களுக்குச் சாதி வைத்தவர்கள் சொல்லுக்கு வைக்காமல் விட்டிருப்பார்களா?

ஒரு ராசாவிடம் பொன் வாங்கிப் பாடியவரைப் புலவர் என்றார்கள். கொடுத்தவர் புரவலர், வாங்கியவர் இரவலர். அந்த ‘இரவலர்’ என்ற சொல்லில்கூட இழிவில்லை, கௌரவமாகவே ஏட்டில் இருக்கிறது. சோழர் காலத்தில் முழு ஊரையே வரி நீக்கி, பிரமதேயம் என்று பார்ப்பனர்களுக்குக் கொடுத்தார்கள். உழாமல், விதைக்காமல், சேற்றில் கால் வைக்காமல் தலைமுறை தலைமுறையாக அதில் சாப்பிட்டவர்களை யாரும் அண்டிப் பிழைத்தவர்கள் என்று கல்லில் வெட்டவில்லை. அங்கே அதற்குப் பெயர் தானம். வாங்கியவருக்கு மரியாதை, கொடுத்தவருக்குப் புண்ணியம். அதே கை நம் பக்கம் ஒரு மரக்கா நெல்லை நீட்டினால் பெயர் மாறிவிடுகிறது, பிச்சை என்று. இத்தனைக்கும் அது நாள் முழுக்க வேலை செய்த கூலி!

‘படியளக்கிறது’ என்று ஒரு சொல் இருக்கிறது. படியால் நெல்லை அளந்து போடுவது. சாமியும் படியளக்கும், ஆண்டையும் படியளப்பார். அந்தப் படியை வாங்குகிறவன் படியாள். தஞ்சாவூர்ப் பக்கம் பண்ணையாள். ‘எசமான் படியளக்கிறாரு, நாம பொழைக்கிறோம்’ என்று நம் பாட்டன் பூட்டன் வாயாலேயே சொல்ல வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். படியில் இருந்த நெல் யார் விதைத்தது, யார் நட்டது, யார் அறுத்தது, யார் அடித்தது, யார் தூற்றியது? களத்தில் கிடந்த அத்தனை நெல்லும் படியாளின் உழைப்பு. அதில் முக்கால்வாசிக்கு மேல் அள்ளி வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, மிச்சத்தில் ஒரு துளியை அளந்து கொடுத்தவன் காப்பாற்றுகிறவன் ஆனான். விளைவித்தவன் அண்டிப் பிழைக்கிறவன் ஆனான். இதைவிடப் பெரிய கணக்கு மோசடியை என் வங்கி வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை.

உழவு அதிகாரத்தில் வள்ளுவர் இதைத் தலைகீழாகத்தான் சொல்லியிருக்கிறார். உழுகிறவர்தான் வாழ்கிறவர், மற்றவரெல்லாம் அவர் பின்னால் போய்ச் சாப்பிடுகிறவர் என்பதே அந்தக் குறளின் பொருள். மேடை மேடையாக அதைச் சொல்லாத தலைவர் இல்லை. ஆனால் ‘உழவர்’ என்றதும் மேடையில் சால்வை போர்த்தப்படுவது பட்டா வைத்திருக்கிற தோளுக்கு. சேற்றில் இறங்கிய காலுக்கு அந்தச் சொல்கூடக் கிடைக்கவில்லை. அது ‘கூலியாள்’.

இன்னொரு சொல்லைப் பாருங்கள். வெட்டி. ‘வெட்டிப்பய’, ‘வெட்டியா திரியுறான்’ என்று இன்றைக்குத் திட்டுகிறோம். வேலை வெட்டி இல்லாதவன் என்று அர்த்தம். பழைய கல்வெட்டுகளில் இந்தச் சொல்லுக்கு வேறு பொருள். ஊருக்கும் அரசுக்கும் கூலியில்லாமல் கட்டாயமாகச் செய்து தரவேண்டிய வேலைக்குப் பெயர் வெட்டி. அதைச் செய்தவன் வெட்டியான். ஏரி மதகு திறந்தவன், வாய்க்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவன், பிணம் எரித்தவன். கூலியில்லாமல் ஒரு சமூகத்தை வேலை வாங்கினார்கள். கடைசியில் அந்த வேலையின் பெயரையே ‘சோம்பேறித்தனம்’ என்று மாற்றிவிட்டார்கள். கூலியைத் திருடியவன் கையோடு அர்த்தத்தையும் திருடிக்கொண்டு போய்விட்டான். சொல்லாராய்ச்சி என்பது பண்டிதர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு செய்கிற பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் பக்கம் பக்கமாகச் சொல்லுக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்தது சும்மா இல்லை. களவு போன பொருளைத் தேடுகிற வேலை அது.

சரி, நாம் அண்டித்தான் இருந்தோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும். அண்டியிருக்கிறவன் போய்விட்டால் சுமை குறைந்தது என்று சந்தோசம்தானே பட வேண்டும்? ஏன் போக விடவில்லை?

பம்பாய் மாகாணத்தில் மகர்கள் ஊருக்கும் அரசுக்கும் வேலை செய்தாக வேண்டும். அதற்கு ஈடாக ஒரு துண்டு வதன் நிலம், வீடு வீடாகப் போய் வாங்கிக்கொள்ளத் தானியம். வேலைக்கு நேரம் கிடையாது. வீட்டில் ஆண் இல்லையென்றால் இன்னொருவர் போய்த்தான் ஆகவேண்டும். இந்தத் துண்டு நிலம்தான் காலில் கட்டிய சங்கிலி என்று கண்டு சொன்னவர் அண்ணல் அம்பேத்கர். 1874ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். சபையில் அதற்குக் கிடைத்தது எதிர்ப்பு. கடைசியில் அவர் அதைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. அந்த வதன்களை ஒழிக்கும் சட்டம் 1958இல்தான் வந்தது. எங்களுக்கு உங்கள் ஊர்ச்சோறு வேண்டாம், எங்களை விடுங்கள் என்று கேட்டதற்கு முப்பது வருசம்! அண்டியிருந்தது யார் என்று இப்போது சொல்லுங்கள்.

அதே 1928இல் பம்பாய் அரசு ஸ்டார்ட்டி தலைமையில் ஒரு குழு அமைத்தது. அம்பேத்கரும் அதில் உறுப்பினர். 1930இல் வந்த அதன் அறிக்கை, தாழ்த்தப்பட்ட மக்கள் தங்கள் உரிமையைக் கேட்டபோதெல்லாம் என்ன நடந்தது என்று விவரிக்கிறது. குத்தகை நிலத்திலிருந்து விரட்டினார்கள், வேலையை நிறுத்தினார்கள், ஊர் வேலைக்கான கூலியை நிறுத்தினார்கள், பாதையை மறித்தார்கள், கடையில் உப்பு புளி கொடுக்காதே என்றார்கள். தோழர்களே, இதில் எந்த வரி உங்களுக்குப் புதுசு? ஊர்க்கட்டுப்பாடு என்ற பெயரில் நம் ஊரில் நடப்பதை யாரோ பக்கத்திலிருந்து பார்த்து எழுதின மாதிரி இல்லை? சார்ந்திருத்தல் தானாக வளர்ந்த செடி இல்லை. திட்டம் போட்டு நட்டு, தண்ணீர் ஊற்றி, வேலி கட்டி வளர்த்தது. ஒருவனைக் கீழே வைத்திருக்க தினம் தினம் அடிக்க வேண்டியதில்லை. அவன் சோற்றுப் பானை உன் கையில் இருந்தால் போதும்.

அந்தப் பானையை அவன் தன் கையில் எடுக்க முயன்றால்? 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தாலும் கூலியை ஒவ்வொரு படியாகப் போராடித்தான் உயர்த்த வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள். செய்த குற்றம், கூடக் கூலி கேட்டது, சங்கத்தை விட மறுத்தது. ஆதரித்து வளர்க்கிறவன், தன்னை அண்டியிருக்கிறவன் வேலையை நிறுத்தினால் நெருப்பு வைக்க மாட்டான். தன் வயிறு இவன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன்தான் நெருப்பு வைப்பான்.

நிலமாவது நம்மிடம் இருந்ததா? 1892இல் பிரிட்டிஷ் அரசு பஞ்சமர்களுக்கென்று நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். அது எப்படி எப்படியோ கைமாறிப் போனதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைத் திருப்பிக் கேட்டதற்கு 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு. காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரைக் கொடுத்தார்கள். நிலத்தைப் பிடுங்குவார்கள். பிடுங்கிவிட்டு, நிலம் இல்லாதவன் என்னை அண்டித்தானே வாழணும் என்பார்கள். கேட்டால் சுடுவார்கள்.

அரசியலிலும் இதே கதைதான். 1932 செப்டம்பர் 24 பூனா ஒப்பந்தத்தில் 148 தனித் தொகுதிகள் கிடைத்தன. ஆனால் தனி வாக்காளர் தொகுதி போய்விட்டது. நிற்பவன் நம் ஆள், ஜெயிக்க வைப்பது ஊர் ஓட்டு. அன்றிலிருந்து இன்றுவரை நம் ஆளின் நாக்கு யாரை அண்டி நிற்கிறது என்பதைச் சட்டமன்றத்தில் பார்த்துவிட்டோம். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996லிருந்து பத்து வருசம், 2006 வரை, தலித் தலைவரை உட்கார விடவில்லை. சில இடங்களில் ஜெயித்த கையோடு ராஜினாமா எழுதி வாங்கினார்கள். எழுதிக் கொடுத்தவரைக் கோழை என்று நகரத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் சொல்லிவிடலாம். மறுநாள் காலையில் அவர் யார் நிலத்துக்கு வேலைக்குப் போக வேண்டும் என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டுக் காட்டிய சம்பவமும் இருக்கிறது. 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக அங்குள்ள மக்கள் ஒரு காரியம் செய்தார்கள். செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலக வாசலில் போட்டார்கள். உங்கள் மாதாவை நீங்களே எடுத்து அடக்கம் செய்துகொள்ளுங்கள், எங்களுக்கு நிலம் கொடுங்கள் என்றார்கள். இனி எடுக்க மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். ஊரே நாறியது. அந்த நாற்றம்தான் சரியான அகராதி. யார் யாரை அண்டிப் பிழைக்கிறார்கள் என்பதை அது மூக்குக்கு எழுதிக் காட்டியது.

நான் பிழைக்கிற இடத்துக்கு வருகிறேன். வங்கியில் எங்கள் மக்கள் ‘பயனாளிகள்’. ஆட்டுக்கடன், மாட்டுக்கடன், தாட்கோ கடன் என்று எது வாங்கினாலும் பயனாளி. கட்டம் போட்ட அட்டை, வரிசை, ‘தள்ளி நில்லு’. தவணை தவறினால் ‘இவனுங்களுக்குக் குடுத்தா வருமா’ என்று கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஒரு குரல். பெரிய முதலாளி கட்டாவிட்டால் அதற்குப் பெயர் வாராக்கடன். சொல்லைக் கவனியுங்கள். முதலாளி கட்டவில்லை என்று இல்லை, கடன்தான் வரவில்லையாம்! மழை வரவில்லை என்பது மாதிரி. 2014–15லிருந்து ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாயைக் கணக்கிலிருந்து நீக்கியதாக 2023இல் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. இது தள்ளுபடி இல்லை, வசூல் முயற்சி தொடரும் என்பார்கள். வங்கிக்காரன், எனக்கும் தெரியும். அதில் பாதிக்கு மேல் பெருந்தொழில், சேவை நிறுவனங்களின் கணக்கு என்பதும் தெரியும். அவர்களை யாரும் மக்கள் பணத்தை அண்டிப் பிழைப்பவர்கள் என்று சொல்லிக் கேட்டதில்லை. இட ஒதுக்கீட்டில் பரீட்சை எழுதி வந்து, காலை பத்து மணியிலிருந்து காசு எண்ணுகிற எனக்குத்தான் ‘சர்க்கார் மாப்பிள்ளை’ என்று பெயர்.

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். எங்கள் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே, பணி நிரந்தரம் செய் என்று கேட்டார்கள். பெரும்பாலும் பெண்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. அடுத்த நாள் அமைச்சரவை கூடி அவர்களுக்கு நலத்திட்டங்களை அறிவித்தது. அதில் ஒன்று காலைச் சிற்றுண்டி. கேட்டது வேலை உரிமை, அறிவித்தது இட்லி. நாம் சோற்றை இழிவாகச் சொல்லவில்லை, பசியின் அருமை தெரிந்தவர்கள் நாம். ஆனால் உரிமையைக் கேட்ட கையில் சோற்றை வைத்தால், அந்தக் கை ஏந்திய கையாக ஆகிவிடுகிறது. பழைய படிதான், அளக்கிற இடம் மட்டும் களத்திலிருந்து கோட்டைக்குப் போயிருக்கிறது. அந்தப் பதின்மூன்று நாளில் இரண்டு மண்டலங்களில் குப்பை என்ன ஆயிற்று என்று பார்த்தவர்களுக்கு, சென்னை யாரை நம்பி இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

இதுவரை எதிரியைப் பேசிவிட்டோம், கை தட்டலாம். இனி நம்மைப் பேச வேண்டும்.

நம் இயக்கங்கள் யாரை அண்டி நிற்கின்றன? ஒன்றிரண்டு தொகுதிக்காக யார் வீட்டுத் திண்ணையில் ஒண்டுகிறோம்? ‘சார்பாக’ என்று ஒரு சொல் இருக்கிறது. சேரியின் சார்பாகப் பேசுகிறவர்கள் பெருத்துப் போனார்கள், சேரி பேசுவது குறைந்துபோயிற்று. நிதி கொடுக்கிறவனுக்குப் பிடித்த போராட்டத்தைத் தேர்ந்தெடுத்து நடத்துகிறவனும் ஒருவகையில் படியாள்தான். படிதான் வேறு. மா மரத்தில் புல்லுருவி ஏறினால் தனக்கென்று பச்சை இலையும் விடும், தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் மரம் மாதிரியே இருக்கும். தண்ணீர் மட்டும் மரத்தின் வேரிலிருந்து. நம் தலைமைகளில் எது கிளை, எது புல்லுருவி என்று மாணவத் தோழர்கள் தைரியமாகக் கேட்க வேண்டும்.

அப்புறம் நம் வீடு. விடிய விடிய கூட்டத்தில் விடுதலை பேசிவிட்டு வருகிறோம். சோறு ஆறாமல் இருக்கிறது. யார் ஆக்கியது? கேட்டால், ‘வீட்டுல சும்மாதான் இருக்கா’ என்போம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வீட்டு வேலை மட்டும் செய்கிற பெண் ‘வேலை செய்யாதோர்’ பட்டியலில்தான். அரசு எழுதியது இருக்கட்டும், நாம் எப்படி எழுதினோம்? ஆண்டை நம் பாட்டனைப் பார்த்துச் சொன்ன அதே சொல்லை நான் என் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். படிவம் அச்சிட்டவனை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. ‘என்ன அண்டி இருக்கறவங்க’ என்று தமிழாக்கம் செய்தது என் வாய்.

யாரையும் சாராமல் மனுசன் வாழ முடியாது. நடவு நடுகிற பெண்கள் ஒருத்தி வேகத்தை இன்னொருத்தி பார்த்துத்தான் பின்னால் நகர்கிறார்கள். பிள்ளை தாயைச் சாரும், வயசான தாய் பிள்ளையைச் சாரும். அதில் கேவலம் ஒன்றுமில்லை. நாம் ஒழிக்க நினைப்பது ஒருவன் பானை இன்னொருவன் கையில் இருக்கிற ஏற்பாட்டை. நிலம், கூலி, படிப்பு, சொந்தமாகச் சங்கம், யாருக்கும் கடன்படாத வாக்கு என்று அந்த ஏற்பாட்டை உடைக்கிற ஒவ்வொன்றையும் போராடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம், குறிப்பாகப் பாட்டிகளிடம் உட்காருங்கள். கூலிக்கு, படிக்கு, ஊர் வேலைக்கு, வேலையை மறுத்ததற்கு அவர்கள் வழக்கில் என்னென்ன சொற்கள் இருந்தன என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து வெளியிடுவோம். களவு போன பொருளின் பட்டியல் நம்மிடம் இருக்க வேண்டும்.

இந்த இதழும் யார் தயவிலும் நிற்கக்கூடாது. சந்தா முடிந்தவர்கள் அனுப்பி வைக்கவும்.

அம்மாவின் படிவத்தை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அந்தக் கட்டத்துக்கு மாற்றாக வேறு கட்டம் அதில் இல்லை. கிழித்துப் போடட்டுமா என்று கேட்டேன். “கிழிக்கிறதாவது? வெச்சி எழுது. மருந்துக் காசு வரட்டும், அது நம்ம காசு. எழுதுறப்ப மட்டும் யார யாரு அண்டி இருக்கறான்னு மனசுல தெரிஞ்சி எழுது” என்றது.

தெரிந்துதான் எழுதினேன்.